விதையிலிருந்து கொன்றை

கேரளத்தின் மாநில மலர் கொன்றை. விஷுவுக்கு முந்தைய நாள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கொத்துக் கொத்தாக விற்கும் மஞ்சள் பூ இதுவே. கணி வைக்க இந்தப் பூ வேண்டும்.

கொன்றையை விதையிலிருந்தே வளர்க்கலாம். இதன் காய் 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள உருண்டைக் குழல். முற்றிக் கருத்த காயை உடைத்தால், சிறு சிறு அறைகளில் பிசுபிசுப்பான கரிய சதையோடு விதைகள் இருக்கும். அவற்றைக் கழுவி உலர்த்த வேண்டும்.

விதையின் தோல் கடினமானது. நீர் எளிதில் உள்ளே புகாது. அதனால் அப்படியே விதைத்தால் முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். உப்புத்தாளில் ஒரு பக்கத்தை லேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைக்க வேண்டும். பருத்த விதை விதைப்புக்குத் தயார். பருக்காததை மறுபடி தேய்த்து ஊறவைக்கலாம்.

மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பிய பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை ஊன்றினால், பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் முளை தெரியும். ஓரடிக்கு மேல் வளர்ந்த கன்றை, ஜூன் மழை தொடங்கியதும் நீர் தேங்காத இடத்தில் நடலாம். நாள் முழுவதும் வெயில் படுவது அவசியம். நிழலில் பூ குறையும். விதைக்கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும்.