தீவு விளையாட்டில் ஒரு கடன் பாடம்

2020 மார்ச் 18-இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டே நாளில், மார்ச் 20-இல், ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டை நின்டெண்டோ வெளியிட்டது. வீட்டில் முடங்கிய இளையோர் பலர் வெறும் தீவை ஊராக்கிப் பொழுதைப் போக்கினர்.

இந்த விளையாட்டில் பணத்தின் பெயர் ‘பெல்’. மீன், பூச்சி, பழம் விற்றால் பெல் சேரும். ஞாயிறு காலை டர்னிப் கிழங்கு வாங்கி, வாரத்திற்குள் விலை ஏறும்போது விற்றால் நல்ல லாபம். அடுத்த ஞாயிறு வரை வைத்திருந்தால் கிழங்கு அழுகிவிடும். போட்ட முதலும் போய்விடும்.

டாம் நூக் என்ற பாத்திரம் வீடு கட்ட 98,000 பெல் கடன் தரும். வட்டி இல்லை, கெடுவும் இல்லை. நம் பிடிபிடிஎன் கல்விக் கடன் அப்படியல்ல. ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் உண்டு. மாதத் தவணையும் உண்டு.

2020 ஏப்ரலில் இந்த விளையாட்டின் சேமிப்பு வட்டி 0.5 விழுக்காட்டிலிருந்து 0.05 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பேங்க் நெகாராவும் தன் வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது.

ஊரை விரிவாக்கப் பாலம் கட்டினால், தீவுவாசிகள் சிறிதளவே நன்கொடை தருவர், பெரும்பங்கு உங்களுடையது. பட்டர்வொர்த் மாணவர்களுக்கு இது புரியும். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தைக் கடக்கும் கார்கள் இன்றும் டோல் கட்டுகின்றன.

மாணவர்களே, விளையாடுங்கள். கடன் பாரத்தில் கையெழுத்திடும் முன், மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள்.