கரி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

2020 ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடிய சில நாட்களிலேயே, வீட்டுக் குக்கரில் சாராயம் காய்ச்சியவர்கள் கைது என்ற செய்திகள் வரத் தொடங்கின. யூடியூபைப் பார்த்து முதன்முறையாக அடுப்பு மூட்டியவர்களும் அதில் இருந்தார்கள். அப்படிப் புதிதாக இறங்குகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: வடித்ததை வெள்ளைத்துணியிலும் கரியிலும் ஒரு தடவை வடிகட்டிவிட்டால் விஷம் போய்விடும்.

போகாது. துணி தூசியைப் பிடிக்கும், அவ்வளவுதான். இடித்த அடுப்புக்கரியானாலும், கடையில் வாங்கிய ஆக்டிவேட்டட் கார்பன் ஆனாலும், அது பிடித்து வைப்பது பெரும்பாலும் நாற்றத்தையும் தொண்டையை அறுக்கும் கனமான ஃபியூசல் எண்ணெய்களையும்தான். ஆளைக் கொல்லும் மெத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. தண்ணீரோடு எளிதில் கலந்துவிடும். குடிக்கும் ஆல்கஹாலான எத்தனாலும் ஏறக்குறைய அதே குணம் உடையதுதான். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பிடிக்கக் கரிக்குத் தெரியாது. வோட்காவையும் அமெரிக்காவின் டென்னசி விஸ்கியையும் கரியில் வடிகட்டுவது சுவைக்காக. சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவதை 1996-லேயே சட்டபூர்வமாக்கிய நியூசிலாந்திலும் கரியின் வேலை அதுதான். மட்டமான சரக்கைக் கரியில் விட்டால் நாற்றம் போய்விடும், குடிக்க எளிதாகிவிடும். என்னைக் கேட்டால், ஆபத்து கூடுகிறது.

வெல்லத்தையும் சர்க்கரையையும் ஊற வைத்துக் காய்ச்சினால் உருவாகும் மெத்தனால் மிகக் குறைவு. பழ ஊறலில் சற்றுக் கூடும். கொத்துக் கொத்தாகச் சாவு விழுவது ஊறலால் அல்ல, ஆலைகளுக்கான மெத்தனாலைச் சாராயம் என்று விற்பதால். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் நடந்தது அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அதனால்தான். அந்தப் பாக்கெட்டை எந்தக் கரியில் வடிகட்டியிருந்தாலும் பலன் இருந்திருக்காது.

“முதலில் சொட்டுவதைக் கொட்டிவிட்டால் போதும்” என்பார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78-ஐ ஒட்டிக் கொதிக்கும், கணக்குச் சரிதான். ஆனால் தண்ணீரோடு கலந்து கிடக்கும்போது இரண்டும் அப்படி வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. தீக்குச்சி கொளுத்திச் சுடரின் நிறம் பார்ப்பதும் வீண், கலவையில் நிறம் ஏமாற்றும். பழைய ரேடியேட்டரையோ ஈயப் பற்று வைத்த குழாயையோ பயன்படுத்தினால் ஈயம் கலக்கும். அதையும் கரி நீக்கிவிடும் என்று நம்ப முடியாது.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. சாதாரணப் போதை வரும், தெளியும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மாற்ற, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்முன்னே பனிமூட்டம் போன்ற மங்கல் என்று ஆரம்பிக்கும். கூடவே நல்ல மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தாமதமாகும். சுமார் 10 மில்லி பார்வை நரம்பைக் கெடுக்கலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம். ‘நேற்றுக் குடித்த ஹேங்ஓவர்’ என்று படுத்துக் கிடக்கும் அந்த நேரத்தில்தான் பலர் கைநழுவிப் போகிறார்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதெல்லாம் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. சீக்கிரம் கொண்டுபோனால் காப்பாற்றலாம். மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ பாட்டிலையோ எடுத்துப் போங்கள். அதே சரக்கைக் குடித்து “எனக்கு ஒண்ணும் இல்லை” என்கிறவரையும் கூடவே ஏற்றுங்கள்.

போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் குடித்ததையே மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும், அது நடைமுறை. ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட அரசு மருத்துவருக்கும் உரிமையில்லை, தனியார் மருத்துவருக்கும் இல்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மருத்துவரிடம் என்ன, எவ்வளவு, எப்போது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி சொந்தத் தேவைக்கு என்றாலும் காய்ச்சுவது குற்றம். அதற்கான பாத்திரங்களும் ஊறலும் கையில் இருப்பதும் குற்றம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் வந்த திருத்தம், விற்ற சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்கிறது. அக்கம்பக்கத்தில் விற்பனை நடப்பது தெரிந்தால் மதுவிலக்குப் பிரிவின் 10581-க்குச் சொல்லலாம்.

கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது அப்போதைய அறிவிப்பு. எல்லாச் சாவுக்கும் தானாகக் கிடைக்கும் தொகை என்று எண்ண வேண்டாம். வழக்கு, நிவாரணம் தொடர்பாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. கணவனை இழந்து நிற்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய தகவல் இது. பிழைத்தும் பார்வை போனவர்கள், மருத்துவக் குழு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றளித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.