சீஸுக்கும் சொந்த ஊர் உண்டு

கொல்கத்தா நியூ மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர்கள் கேக் கடையையும் துணிக்கடையையும் தேடித்தான் நுழைகிறார்கள். 1874-ல் திறந்த அந்தச் சந்தையில் சீஸ் விற்கும் சின்னக் கடைகள் சிலவும் உண்டு. அங்கே தட்டில் அடுக்கியிருக்கும் குட்டி வில்லைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு தட்டில் வெள்ளை, பக்கத்துத் தட்டில் புகையேறிய பழுப்பு. இரண்டுக்கும் பெயர் பாண்டெல் சீஸ். ஆசையாக வாங்கி அங்கேயே வாயில் போட்டால் உப்பு தூக்கியடிக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுக்க வேண்டும். உப்பு இறங்கி, விரலால் அழுத்தினாலே பொலபொலவென்று உதிரும். வெள்ளை வில்லையை வெள்ளரிக்காய், தக்காளியோடு கலந்து சாப்பிடலாம். புகை போட்டதை முட்டைப் பொரியல் இறக்கும் நேரத்தில் உதிர்த்துத் தூவினால் விறகடுப்பு வாசனை வரும்.

பாண்டெல் என்பது ஹூக்ளி ஆற்றங்கரையில் போர்த்துகீசியர்கள் குடியேறிய ஊர். 1599-ல் அவர்கள் தொடங்கிய தேவாலயம் இன்றும் அங்கே பிரபலம். 1632-ல் முகலாயப் படை ஹூக்ளியை வளைத்துப் பிடித்ததோடு அவர்கள் செல்வாக்கு அடங்கியது. சீஸ் மட்டும் தங்கிவிட்டது. பாலை எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு சேர்த்துத் திரித்து, துளையிட்ட சின்னக் கிண்ணங்களில் நீர் வடியவிட்டு, உப்புப் போட்டு எடுக்கிறார்கள். ரசகுல்லாவுக்கு ஆதாரமான சேனாவையே வங்காளிகள் போர்த்துகீசியர்களிடம்தான் கற்றார்கள் என்று ஒரு கருத்து உண்டு, மறுப்பவர்களும் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு இந்தச் சீஸ் வருவது தாரகேஸ்வர், விஷ்ணுபூர் பக்கத்திலிருந்து. பெயரில்தான் பாண்டெல் இருக்கிறது.

சீஸ் என்றால் பீட்சா மேல் நூலாக இழுபடும் ஒன்று, அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் சதுரமாக இருக்கும் ஒன்று என்றுதான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் இந்தியாவில் ஊர்ப் பெயரோடு சீஸ்கள் இருக்கின்றன. பயணம் போகிறவர்கள் அல்வாவும் வர்க்கியும் வாங்குவதைப் போல இவற்றையும் தேடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

மலை மேல் ஒரு மெல்லல்

டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் போனால் கேட்க வேண்டிய பெயர் சுர்பி. இதில் இரண்டு வகை. மெத்தென்ற சுர்பியைக் கீரையோடும் சுருள் சுருளான பெரணிக் குருத்தோடும் வதக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். லேசான புளிப்பு, தயிருக்கு அண்ணன் மாதிரி. கெட்டி சுர்பி வேறு ரகம். சந்தைக் கடைகளில் நூலில் கோத்துத் தொங்கும். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் கரையாது. கடிக்க முயன்றால் பல் மருத்துவருக்குத்தான் வருமானம். அதை மென்றுகொண்டே மலைவாசிகள் ஏற்றம் ஏறிவிடுவார்கள். நேபாளத்தில் செய்யும் கெட்டி சுர்பி இப்போது அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்குள்ள நாய்கள் கடித்து விளையாடும் தீனியாக நல்ல விலைக்குப் போகிறது. அருணாசலப் பிரதேசத்தில் மலைமேய்ச்சல்காரர்கள் யாக் பாலில் செய்யும் சுர்பிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே மலைத்தொடரில் காலிம்போங் சீஸ் ஐரோப்பிய வாரிசு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாதிரியார்கள் தொடங்கிய பால்பண்ணையில் பிறந்தது. பண்ணை மூடிய பிறகும் உள்ளூர்க்காரர்கள் கைவிடவில்லை. லேசாக உதிரும் பதம், நாக்கின் ஓரத்தில் ஒரு சுருக். காலிம்போங் கடைத்தெருவிலும், அதிர்ஷ்டம் இருந்தால் நியூ மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

ஜம்மு பக்கம் போகிறவர்கள் உதம்பூர், ராம்நகரில் களாரியைத் தவறவிடக் கூடாது. கொழுப்பு எடுக்காத பாலைப் புளித்த பாலோ மோர்த் தண்ணீரோ விட்டுத் திரித்து, சூட்டிலேயே இழுத்துப் பிசைந்து, தட்டையாக்கிக் காயவைப்பார்கள். சாலையோரக் கடையில் அதைச் சமைப்பதைப் பார்ப்பதே தனி விருந்து. காய்ந்த இரும்புத் தவாவில் எண்ணெய் விடாமல் களாரியை வைக்கிறார்கள். அரை நிமிடத்தில் அதன் சொந்தக் கொழுப்பு கசிந்து, அந்த நெய்யிலேயே அது பொரிய ஆரம்பிக்கிறது. அடிப்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுவென்று ஆனதும் திருப்பிப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, குல்ச்சா ரொட்டிக்குள் வைத்து நீட்டுகிறார்கள். ஆறினால் ரப்பர், சூட்டோடு சாப்பிட்டால்தான் ருசி.

சூரத்துப் பார்சிக் குடும்பங்களின் 'டோப்லி நு பனீர்' இன்னொரு அதிசயம். சின்னக் கூடைகளில் வடிக்கப்பட்டு, கூடைப் பின்னலின் தடம் உடம்பெல்லாம் பதிந்து, மோர்த் தண்ணீரில் மிதந்தபடி வரும். வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கல்யாண விருந்துக்குச் சொல்லிவைத்துச் செய்யும் பண்டம் என்பதால் கடைக்குப் போய்க் கேட்டால் கிடைப்பது அரிது.

நம் பக்கத்தில்

நம் சமையலறையில் பால் திரிந்தால் அது நஷ்டக் கணக்கு. தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று நாம் போன பாதை வேறு. வெயிலும் ஒரு காரணம்: கெட்டி சீஸ் பதமாக முதிர 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியும் நல்ல ஈரப்பதமும் வேண்டும். அதனால்தான் சீஸ் இங்கே வந்ததும் மலையேறிவிட்டது.

கொடைக்கானல் கடைகளில் செடார், கௌடா, பார்மேசான் வகைகள் கிடைக்கும். குன்னூரில் ஒரு பண்ணை, வருகிறவர்களைத் தங்கவைத்துச் சீஸ் செய்யவே கற்றுத்தருகிறது. சமவெளியில் விதிவிலக்கு ஆரோவில். குளிரறை வைத்துப் பல ஆண்டுகளாக அங்கே சீஸ் செய்கிறார்கள். ஆரோவில்லிலும் புதுச்சேரிக் கடைகளிலும் வாங்கலாம். சென்னையில் சிறு அளவில் கைப்படச் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள்; முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டுக்கே வரும்.

வாங்கியதைச் சாப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் பாதி மணம் போச்சு. அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு வெட்டுங்கள். மிச்சத்தை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றாமல், பட்டர் பேப்பரில் சுற்றிக் காய்கறி அறையில் வையுங்கள். கெட்டி சீஸின் ஓரத்தில் பூஞ்சை வந்தால் ஒரு அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மெத்தென்ற சீஸில் வந்தால் மொத்தத்தையும் எறிந்துவிட வேண்டும். செடாரோடு சிறுமலை வாழைப்பழத் துண்டு, பார்மேசான் சீவலோடு ஒரு சொட்டு மலைத்தேன், பெட்டாவோடு கொத்தமல்லியும் இடித்த மிளகும். பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டாம், சூடான தோசை போதும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலை உறையவைக்கும் ரெனட் ஒரு காலத்தில் கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது. இப்போது இந்தியாவில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததைத்தான் பயன்படுத்துகிறார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டில் 331, 339 என்ற எண்கள் இருந்தால் பெரும்பாலும் அது பிராசஸ்டு சீஸ். பழைய சீஸை உருக்கி உப்புகள் சேர்த்துக் கட்டியாக்கியது. சாண்ட்விச்சுக்கு ஆகும், ஊர் ருசிக்கு ஆகாது.

எல்லாப் பாலும் ஒரே பால்

இத்தனை சொன்ன பிறகும் ஒரு கவலை உறுத்துகிறது. இந்த ருசிகளுக்கெல்லாம் வேர் கடையில் இல்லை, பாலில் இருக்கிறது. அந்தப் பால் ஊர் இழந்துகொண்டிருக்கிறது.

கிராமத்தில் காலையில் கறந்த பால் கேனில் ஏறுகிறது. குளிர்விக்கும் நிலையத்தில் நூறு வீட்டுப் பாலோடு கலக்கிறது. டேங்கர் லாரியில் ஏறியதும் ஆயிரம் வீட்டுப் பாலோடு கலக்கிறது. ஆலையில் கொழுப்பை எடுத்தும் சேர்த்தும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நீல பாக்கெட்டா, 3 சதவீதம் கொழுப்பு, பச்சையா, 4.5, ஆரஞ்சா, 6. மேய்ந்தது மலைப்புல்லா வைக்கோலா, கறந்தது ஜெர்சியா எருமையா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கரைந்துவிடுகிறது. டீ போடுகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. சீஸ் செய்கிறவருக்குச் சரக்கே அதுதான். மழை முடிந்து புல் தழைக்கும் மாதத்துப் பாலும் கோடைப் பாலும் சீஸில் தனித்தனியாகத் தெரியும். பாக்கெட்டில் இரண்டும் ஒன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதிக வெப்பத்தில் காய்ச்சி மாதக்கணக்கில் கெடாமல் வரும் டெட்ரா பேக் பாலில் ரெனட் போட்டால் தயிர்க்கட்டி இறுகாது, கொழகொழவென்று நின்றுவிடும். கொழுப்புத் துளிகளைப் பொடியாக்கிச் சமமாக்கிய பாலும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எலுமிச்சை பிழிந்தால் பனீர் மட்டும் எந்தப் பாலிலும் வந்துவிடும். பாக்கெட் பனீர் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசியாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

பாலின் ஊருக்கு மதிப்பு உண்டு என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அந்த வட்டாரத்துப் பாலைப் பற்றித்தான், அப்புறம்தான் புளியமர விறகு. நீலகிரியில் தோடர் எருமைப் பாலில் கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கறவை கொஞ்சம், மந்தைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஈரோட்டு மலையில் மேயும் பர்கூர் மாடும் கறவைக்குப் பெயர் போனதில்லை. இப்படிப்பட்ட மாட்டின் இரண்டு லிட்டர் பாலை டேங்கரில் ஊற்றினால் அது கணக்கிலேயே வராது. தனியாக உறையவைத்தால் அதற்கென்று ஒரு முகவரி கிடைக்கும்.

பாலை ஒன்றுசேர்த்து வாங்கிய ஏற்பாடுதான் சிறு விவசாயிக்கு தினசரி வருமானம் கொடுத்தது, 1998-லிருந்து உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியாவை நிறுத்தியது என்பார்கள், அதை மறுக்கவில்லை. சீஸுக்குப் பாலைவிடக் கைப்பக்குவமும் நுண்ணுயிர்க் கல்ச்சரும்தான் முக்கியம் என்று சொல்லும் வல்லுநர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே கல்ச்சரும் ஒரே பாலும் போய்ச் சேரும் இடம் ஒரே ருசி. கடைசியில் கொடைக்கானல் சீஸுக்கும் தொழிற்பேட்டை சீஸுக்கும் வித்தியாசம் உறையில் அச்சடித்த மலைப் படம் மட்டும்தான் என்றாகிவிடும். பாண்டெலுக்கு நடந்தது போலப் பெயர் மட்டும் நிற்கும். அங்கேயாவது சீஸ் அதே வங்காளத்துக்குள்தான் இடம் மாறியது.

சட்டமும் இங்கே துணைக்கு வருவதில்லை. தயாரிப்பவர் முகவரி, என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதி என்பதை லேபிளில் போட்டாக வேண்டும். பால் எந்த ஊரில் கறந்தது என்று போட வேண்டிய கட்டாயமில்லை. எனவே வாய் திறந்து கேட்பதுதான் வழி. 'அண்ணே, இது எங்கத்திய பால்? பசும்பாலா, எருமைப்பாலா?' என்று கேளுங்கள். உண்மையிலேயே ஊர்ச் சீஸ் செய்கிறவர் என்றால் மாட்டின் பெயர் வரைக்கும் சொல்லுவார். 'எல்லாம் பால்தாங்க' என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

விலையைப் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ கெட்டி சீஸுக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும்; மீதியெல்லாம் மோர்த் தண்ணீராகப் போய்விடும். அப்புறம் மாதக்கணக்கில் குளிரறையில் வைத்து, திருப்பித் திருப்பிப் போட்டு, துடைத்துக் காக்க வேண்டும். சொசைட்டியில் பாலுக்கு விலை கொழுப்பையும் மற்ற சத்தையும் அளந்துதான் போடுகிறார்கள். புல்லுக்கும் மலைக்கும் இனத்துக்கும் அந்த அளவுகோலில் இடமில்லை. அவற்றுக்கும் சேர்த்து விலை கொடுக்கக்கூடிய வியாபாரிகள் சிலர்தான். சீஸ் செய்கிறவர் அவர்களில் ஒருவர். அவர் பக்கத்து விவசாயிக்கு லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டுமென்றால், கிலோவுக்கு ஐம்பது ரூபாயாவது நம்மிடம் கூடுதலாக வாங்கித்தான் ஆக வேண்டும். பேரம் பேசி அதைக் குறைத்தால், அடுத்த முறை அவரும் டேங்கர் பாலுக்குத்தான் போவார்.