கடலில் மிதக்கும் ஓடுபாதை

வடமராட்சியிலுள்ள கரவெட்டி கடலைத் தொட்டிருக்கும் ஊரன்று. ஆயினும் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் அதற்கு அணித்தாய் இருத்தலின், சோழகம் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும் என்பதை அவ்வூரார் நன்கறிவர். பாய்மரக்கப்பல் எதிர்க்காற்றில் நேரே செல்லமாட்டாது என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆனால் எதிர்க்காற்றைத் தேடிச் செல்லும் கப்பல் ஒன்றுண்டு. அதுவே விமானந்தாங்கிக் கப்பல்.

இதற்குக் காரணம் எளிது. விமானம் ஒன்று இறங்கும்போது மணிக்கு 65 கடல்மைல் வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். கப்பல் 20 கடல்மைல் வேகத்தில் முன்னோக்கிச் செல்ல, 15 கடல்மைல் வேகத்தில் காற்று எதிரே வீசுமாயின், கப்பலின் தளத்தை நோக்க விமானத்தின் வேகம் 30 கடல்மைலாகக் குறைந்துவிடும். விமானத்தின் வாலடியிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டப்பட்ட உருக்குக் கம்பியைப் பற்றி அதனை நிறுத்தும். குறுகிய தளத்தில் விமானம் இறங்குதல் இவ்வாறே இயலுவதாயிற்று.

இவ்வருந்தொழிலைச் செய்வோர் 'ஸ்குவாட்ரன்' எனப்படும் விமான அணியினராவர். வானிற் பறப்போர் மட்டும் அணியினரல்லர். பொறிகளைச் செப்பஞ்செய்வோரும், இறகுகளைச் சோதிப்போரும், குண்டுகளைப் பொருத்துவோரும் அவ்வணியைச் சேர்ந்தவர்களே. இரவில் ஒருவர் முடுக்கிய திருகாணியை நம்பியே மறுநாட் காலையில் மற்றொருவர் கடல்மேற் பறக்கிறார்.

இலங்கைக் கடலோடு தொடர்புடைய அத்தகைய அணி ஒன்று பிரித்தானியக் கடற்படையின் 814ஆம் அணியாகும். அது 'ஹெர்மிஸ்' என்னும் கப்பலிற் பணியாற்றியது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு, 1918இற் கட்டத் தொடங்கப்பெற்ற ஹெர்மிஸ், 1924இற் சேவைக்கு வந்தது. அதன் நீளம் 600 அடி. அணியின் விமானங்களோ 'சோட்பிஷ்', அதாவது வாள்மீன், எனப் பெயர் பெற்றவை. துணி போர்த்த ஈரடுக்கு இறகுகளையுடைய அவை வேகங் குறைந்தவை. எனினும் 1940 யூலை 8ஆம் நாள், ஆபிரிக்காவின் டக்கார்த் துறைமுகத்தில், அவ்வணியின் ஆறு விமானங்கள் தாக்கி, 'ரிஷ்லியூ' என்ற பிரெஞ்சுப் பெரும் போர்க்கப்பலைப் பழுதாக்கின. ஒரேயொரு நீர்மூழ்கிக் குண்டே இலக்கிற் பட்டது.

இரண்டாண்டுகள் கழியுமுன் நிலைமை தலைகீழாயிற்று. 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அப்பொழுது ஹெர்மிஸ் மடகாஸ்கர்ப் படையெடுப்புக்கு ஆயத்தமாகுமாறு திருகோணமலைக்கு அனுப்பப்பட்டிருந்தது. 814ஆம் அணி கரையில் இறக்கப்பட்டிருந்தது. அடுத்த தாக்குதல் திருகோணமலைமீது வரும் என்ற எச்சரிக்கை கிடைத்ததும், கப்பல் 8ஆம் நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றது. அதில் ஒரு விமானமேனும் இருக்கவில்லை.

மறுநாட் காலையில், மட்டக்களப்புக்கு அப்பால், யப்பானிய வேவு விமானம் ஒன்று அதனைக் கண்டுவிட்டது. யப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்தன. கரையிலிருந்து அனுப்பப்பட்ட போர்விமானங்கள் கப்பலைக் காக்க இயலவில்லை. அரைமணி நேரத்துக்குள் ஹெர்மிஸ் மூழ்கியது. கப்பற்றலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அதனுடன் சென்ற அவுஸ்திரேலியக் கப்பலான 'வம்பயர்' என்பதும் மூழ்கிற்று. 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறக்குறைய 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

சோட்பிஷ் விமானங்கள் கப்பலில் இருந்திருப்பின் அது தப்பியிருக்குமோ? அவ்வாறு துணிந்து கூறவியலாது. அவை கப்பல்களைத் தாக்கவும் வேவு பார்க்கவும் அமைந்தவை. விரைந்துவரும் எதிரி விமானங்களோடு வானிற் பொருதற்கு உரியவையல்ல. பொருத்தமான விமானங்களும், அவற்றை இயக்கப் பயின்ற மாந்தரும் இல்லாதவிடத்து, விமானந்தாங்கி வெறும் இரும்புத் தளமே என்பதை அந்நாள் உணர்த்திற்று.

கரையில் இருந்த அணியினர்க்கோ இழப்பு வேறு வகையினது. அவர்களுடைய விமானங்கள் எஞ்சின. அவை திரும்பிவந்து இறங்க வேண்டிய தளம் எஞ்சவில்லை. அத்தளம் இன்றும் மட்டக்களப்புக் கடலில், சுமார் 50 மீற்றர் ஆழத்திற் கிடக்கிறது.