ஈயடிச்சான் காப்பியா?

பெண் பிள்ளை படம் வரைந்தால் அக்கம்பக்கத்தில் முதல் கேள்வி, "எதைப் பார்த்து வரைஞ்சா?" என்பதுதான். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். என் மூத்தவள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். போன விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்தவள், "யார் படத்தைப் பார்த்தாலும் கை அவங்க மாதிரியே போகுதும்மா. எனக்குன்னு ஒண்ணும் வரல. படிப்பை விட்டுடறேன்" என்று நோட்டுகளைப் பரண்மேல் போட்டுவிட்டாள். தறிக் கூலியில் மிச்சம் பிடித்து விடுதிக்குக் கட்டுகிறோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கோவில்பட்டி கொண்டையராஜுவைப் பற்றிச் சொன்னேன். நம் பூஜை அறைகளில் அவர் வரைந்த சாமி படம் இருந்திருக்கும்; பெயர்தான் பலருக்குத் தெரியாது. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் படித்தார். நம்ம திருச்சுழியில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதினார். கம்பெனி 1942-இல் கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்கள் அவர் படங்களைக் காலண்டராக வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. 1976-இல் காலமானார்.

அவர் படங்களில் ரவிவர்மாவின் சாயல் நன்றாகவே தெரியும். சாமிக்குப் பின்னால் இருக்கும் தூணும் தோட்டமும் நாடகப் படுதாவிலிருந்து வந்தவை. ஆனால் நேரே நம்மைப் பார்க்கும் அந்தப் பளிச்சென்ற முகம் நம் பக்கத்துச் சந்நிதியில் நின்று பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீடர்களுடன் சேர்ந்து கையெழுத்துப் போட்ட படங்களும் உண்டு. யார் கோடு எது என்று அங்கே சண்டை இல்லை போலும்!

"அவர் சாமி வரைஞ்சார். எனக்கு அது தோணலையே" என்றாள். அதுவும் நியாயம்தான்.

பெட்டியில் ஒரு புத்தகம் வைத்திருந்தாள். கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணியின் படங்கள். 1893-இல் பெர்லினில் நெசவாளிகளைப் பற்றிய நாடகம் ஒன்றைப் பார்த்து மனம் பதறி, 1897 வரை உழைத்து 6 அச்சுப் படங்கள் செய்தாராம். அந்த நாடகமும் இன்னொருவர் எழுதியதுதானே! முதல் படத்தில் சாகக் கிடக்கும் பிள்ளை, தலையைப் பிடித்துக்கொண்டு தாய், பின்னால் தறி. தறியைப் பார்த்ததும் என் கை அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. நம்ம வீட்டு அறை மாதிரியே இருந்தது. "இதைப் பார்த்து வரையேன்" என்றேன். "எதை?" என்றாள். திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்த என் மாமியாரைக் காட்டினேன்.

பரணிலிருந்து நோட்டு இறங்கியது. நாலு நாள் வரைந்தாள். இருட்டும், பெரிய பெரிய கைகளும் கோல்விட்ஸிடம் வாங்கியவை, எனக்கே தெரிந்தது. ராட்டையும், காதில் ஆடும் தண்டட்டியும் எங்கள் வீட்டுச் சொத்து. மாமியார் மட்டும், "முதுகை இம்புட்டுக் கூனாக்கிட்டாளே" என்று குறைப்பட்டார்.

பிள்ளையிடம் "யாரைப் பார்த்து வரைஞ்சே?" என்று நானும் இப்போது கேட்கிறேன், குற்றமாக இல்லாமல் கதை கேட்கிற மாதிரி. நிறையச் சொல்கிறாள். இன்று திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடும் இடத்துக்குத் தம்பியோடு போயிருக்கிறாள். அங்கே வேலை செய்யும் பெண்களைச் சீமைக்கருவேலங்கரியாலேயே வரையப் போகிறாளாம். வெயில் கொளுத்துகிறதே என்று தூக்குச்சட்டியில் நீர்மோர் கொடுத்தனுப்பினேன்.