காய்ந்திருக்கும் டயப்பரை ஏன் மாற்ற வேண்டும்?

பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தையின் இடுப்பில் சுற்றிய துணிக்கு ஒரு குணம் உண்டு. குழந்தை ஒன்றுக்குப் போன மறுநிமிடமே அது ஊரறியச் சொல்லிவிடும். தூளி சொட்டும், தூக்கி வைத்திருப்பவரின் மடி நனையும், குழந்தையும் வீறிட்டு அழும். டயப்பர் வந்த பிறகு இந்தச் செய்தி வீட்டாருக்கு வருவதில்லை. இரண்டு மூன்று முறை சிறுநீர் போன பின்பும் உள்ளே விரல் வைத்துப் பார்த்தால் பெரிதாக ஈரம் தட்டாது. காய்ந்துதானே இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று தோன்றுவது இயல்பு. அந்த நினைப்பு சிறுநீரைப் பொறுத்தவரை ஓரளவு சரி. மலத்தைப் பொறுத்தவரை முழுத் தவறு. புதுப் பெற்றோர் டயப்பரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டிலேயே அடங்கிவிடுகிறது.

டயப்பர் காய்ந்ததுபோல் தோன்றுவதற்குக் காரணம் அதன் அடுக்குகள். தோலைத் தொடும் மேல் தாள் பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆனது. அது நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். அடுத்த அடுக்கு, ஒரே இடத்தில் பாயும் சிறுநீரை நீளவாக்கில் பரப்பும். அதற்கும் கீழே மரக்கூழ்ப் பஞ்சும், அதில் கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெண்ணிறக் குருணையும் இருக்கின்றன. வெளிப்புறத்தில் நீர் கசியாத பிளாஸ்டிக் படலம். 1961இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் பாம்பர்ஸ் டயப்பர் முதன்முதலாகச் சோதனை விற்பனைக்கு வந்தபோது இந்தக் குருணை அதில் கிடையாது. 1980களில்தான் டயப்பருக்குள் பரவலாக நுழைந்தது. அதற்குப் பிறகே தடித்த பொதியாக இருந்த டயப்பர் இன்றைய மெல்லிய வடிவத்துக்கு இளைத்தது. தண்ணீரில் போட்ட சப்ஜா விதைபோல இந்தக் குருணையும் ஊறிக் கூழாகும். ஆனால் காரணம் வேதியியல் சார்ந்தது. குருணைக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியே உள்ள நீரை உள்ளே இழுக்கின்றன. மூலக்கூறுச் சங்கிலிகள் குறுக்கே பிணைக்கப்பட்டிருப்பதால் குருணை கரைந்தோடாமல் உப்பி நிற்கிறது. காய்ச்சி வடித்த நீர் என்றால் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் சில பத்து மடங்குகளாகக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குடித்த நீரைக் குழந்தை மேலே உட்கார்ந்து அழுத்தினாலும் எளிதில் விடாது. ஊறிய கூழில் சமையல் உப்பைத் தூவினால் மட்டும் நீர் பிரிந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நல்ல சோதனை.

இவ்வளவு சாமர்த்தியமான பொருளை மாட்டியும் பிட்டம் ஏன் சிவந்து தடித்துப் புண்ணாகிறது? வெகுகாலம் பழி சிறுநீரின் மேல்தான் இருந்தது. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது வரும் அம்மோனியாவே தோலைப் பொசுக்குகிறது என்று 1920களில் மருத்துவர்கள் முடிவுகட்டினார்கள். அந்த நெடி அடித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1970களில் தடிப்பு உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, அம்மோனியா அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதன்பின் நடந்த ஆய்வுகள் மலத்தைச் சுட்டின. செரிமானத்துக்கான புரதச் சிதைப்பு, கொழுப்புச் சிதைப்பு நொதிகள் மலத்தோடு வெளியேறுகின்றன. உணவை உடைக்கும் அவை தோலின் மேலடுக்கையும் விட்டுவைப்பதில்லை. நலமான தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. அம்மோனியா அந்த அமிலத்தன்மையைக் குறைக்கும்போது இந்த நொதிகள் வேகம் பிடிக்கின்றன. ஆக, அம்மோனியா உடந்தை. முதல் குற்றவாளி மலம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அமிலத்தன்மை கூடுதலாகவும் நொதிகளின் செயல்பாடு குறைவாகவும் இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தடிப்பு குறைவு என்பதும் இதோடு பொருந்திப்போகிறது.

இப்போது டயப்பரின் எல்லை தெரிகிறது. நீரைக் குடிக்கும் குருணையால் மலத்தை ஒன்றும் செய்ய முடியாது. அது மேல் தாளிலேயே, தோலை ஒட்டியே கிடக்கும். பன்னிரண்டு மணி நேரம் உலர்வாக இருக்கும் என்று விளம்பரம் சொல்வது சிறுநீரைப் பற்றிய பேச்சு. வெளியே மஞ்சளாக இருந்து நீலமாக மாறும் கோடும் சிறுநீரைக் காட்டத்தான். எனவே மலம் கழித்த உடனேயே, டயப்பர் புதிதாக மாட்டியதுதானே என்று பார்க்காமல், மாற்றிவிட வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். இரவில் அசந்து தூங்கும் குழந்தையை இதற்காக எழுப்ப வேண்டியதில்லை. கழுவ வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சில நிமிடங்கள் காற்றாட விட்டு, பிறகு அடுத்ததை மாட்டலாம். சிவக்கத் தொடங்கினால் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தாராளமாகப் பூசலாம். அடுத்த முறை மேலே ஒட்டிய அழுக்கை மட்டும் எடுத்தால் போதும், களிம்பு முழுவதையும் சுரண்டுவது தோலுக்குக் கேடு. பவுடர் வேண்டாம், குழந்தை அந்தத் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து. தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் முன் ஓரத்தைக் கீழே மடித்துவிடுவது நல்லது.

இத்தனை வம்பு எதற்கு, துணியே கட்டலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தடிப்பைத் தடுப்பதில் டயப்பரே மேல் என்றோ துணியே மேல் என்றோ சொல்லத் தரமான சான்று போதவில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு முடிவுக்கு வந்தது. துணியின் பலம், நனைந்தது உடனே தெரிந்துவிடுவது. உடனுக்குடன் மாற்ற ஆள் இருக்கும் வீட்டில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆள் இல்லாத வீட்டில் ஈரத்துணி மணிக்கணக்கில் தோலில் ஒட்டிக் கிடந்தால் டயப்பரைவிட மோசம். சுற்றுச்சூழல் கணக்கும் பலர் நினைப்பதுபோல் நேரானதல்ல. துணியின் சுமை அதை எப்படித் துவைத்து எப்படி உலர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்று பிரிட்டனில் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வெயிலில் கொடியில் உலர்த்தும் நம் வீடுகளில் கணக்கு துணியின் பக்கமே சாயும். பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்று பிரித்துக்கொண்டால் செலவும் குப்பையும் குறையும். பயன்படுத்திய டயப்பரைக் கழிப்பறையில் போட்டு நீரூற்றக் கூடாது. உப்பிய கூழ் குழாயை அடைத்துவிடும். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை நன்றாகச் சுற்றிக் குப்பையில் தனியாகக் கொடுக்க வேண்டும்.

டயப்பர் மறைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. பிறந்து ஐந்து நாளைக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். டயப்பரில் எத்தனை முறை போனது என்று எண்ண முடியாது. ஆகவே முதல் சில வாரங்களாவது பகலில் துணி கட்டுவதோ, டயப்பர் கனத்திருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பதோ உதவும். தடிப்பு வந்தால் அது எந்த இடத்தில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். சாதாரணத் தடிப்பு டயப்பர் உரசும் மேடான இடங்களில் வரும், மடிப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். தொடை இடுக்கு மடிப்புகளிலேயே அடர்சிவப்பாகப் படர்ந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளும் தெரிந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கக்கூடும். ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்த பிறகு இது அடிக்கடி வரும். அதற்கு டயப்பரை மாற்றுவதோ களிம்பு பூசுவதோ மட்டும் போதாது, குழந்தை மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சை மருந்து தேவை.