செவியும் சுவையும்

மாணவர்களே, இளமையில் ஓர் இசையின்மீது உயிரையே வைத்திருந்த ஒருவர், முதுமையில் வேறோர் இசையை நாடிச் செல்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவரை நிலையில்லாதவர் என்று எண்ணி நகைத்தும் இருக்கலாம். அவ்வாறு நகைப்பது முறையா? இசைச் சுவை வயதோடு மாறுவது ஏன்? மாறும்போது பழைய சுவை அழிந்துவிடுகிறதா, அன்றி வேறு வடிவில் வாழ்கிறதா? இவ்வினாக்களை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு தலைமயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டில் 'பவளக்கொடி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் ஐம்பதளவு பாடல்கள் இருந்தன. அதில் நடித்துப் பாடியவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அடுத்த பத்து ஆண்டுகளில் அவருடைய குரல் தமிழ்நாட்டையே ஆட்கொண்டது. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பிடரி வரையில் புரளும் அவருடைய முடியைப் போலவே இளைஞர்கள் முடி வளர்த்தனர். அதற்குப் 'பாகவதர் கிராப்பு' என்றே பெயர் வந்துவிட்டது. பெரியவர்கள் முகம் சுளித்தனர். இளைஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் மேலைநாடுகளிலும் இத்தகையதொரு நிகழ்ச்சி நடைபெற்றது. 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் 'பங்க்' என்னும் இசை தோன்றியது. மூன்றே சுரக்கூட்டுகள், மிகுந்த விரைவு, உரத்த குரல், பெரியோர்மீது சினம் ஆகியவை அதன் இலக்கணம். அதன் ரசிகர்கள் முடியை முள்போல் நிமிர்த்தினர். கிழிந்த ஆடையில் ஊசி குத்திக்கொண்டனர். பாகவதரின் இனிமைக்கும் பங்க்கின் சினத்திற்கும் இசையில் எந்த உறவும் இல்லை. ஆனால் ரசிகர்களின் உள்ளம் ஒன்றே. 'நான் இன்ன இசைக்கு உரியவன்' என்று உலகத்திற்குத் தலையின்மேல் எழுதிக் காட்டும் பருவம் அது. அந்தப் பங்க் இளைஞர்களும் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களுள் பலர் நாட்டுப்புற இசைக்கும் ஜமைக்கா நாட்டு ரெகே இசைக்கும் பிறவற்றிற்கும் சென்றுள்ளனர். கலைஞர்களே வழிகாட்டினர் எனலாம். 'கிளாஷ்' என்னும் புகழ்பெற்ற பங்க் குழு 1979இல் வெளியிட்ட 'லண்டன் காலிங்' என்னும் இசைத்தட்டிலேயே ரெகே முதலிய பல இசைகள் கலந்துவிட்டன.

இனி, இம்மாற்றத்திற்குரிய காரணங்களைக் காண்போம்.

முதற் காரணம், இசை நிகழும் இடம் மறைந்துபோவது. பாகவதர் 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டார். 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். அவர் வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. 1952இல் வந்த 'பராசக்தி' பாட்டினும் வசனத்திற்கு முதலிடம் கொடுத்தது. பாகவதரின் பிற்காலப் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959 நவம்பரில் அவர் மறைந்தார். அவருடைய ரசிகர்களுக்கு அப்போது முப்பது, நாற்பது வயதே இருக்கும். அவர்கள் எங்கே போவார்கள்? கேட்கும் ஆவல் இருக்க, கேட்கும் இடம் இல்லாதபோது மக்கள் வேறு வாயிலைத் தட்டுவது இயல்பு. 1952இல் வானொலியில் திரைப்பாடல்கள் மிகவும் குறைக்கப்பட்டபோது, கேட்போர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியதும் இவ்வாறே. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியது அவ்வாறு சென்றோரைத் திரும்ப அழைப்பதற்கே என்று சொல்வதில் தவறில்லை.

இரண்டாவது காரணம், புதியதில் பழையதைக் காண்பது. டி. எம். சௌந்தரராஜன் 1950இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாடத் தொடங்கியபோது பாகவதரின் பாணியிலேயே பாடினார். பின்னர் 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்கும், 'மலைக்கள்ளன்' படத்தில் எம். ஜி. ஆருக்கும் பாடித் தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டார். பழைய ரசிகர் ஒருவர் புதிய பாடகரிடம் செல்லும்போது முற்றிலும் அயலான வீட்டிற்குள் நுழைவதில்லை. அங்கே தமக்குத் தெரிந்த ஒரு குரலின் சாயலைக் கண்டுகொண்டே நுழைகிறார்.

மூன்றாவது காரணத்தை நான் நூல்களில் கற்கவில்லை, வீட்டில் கற்றேன். அதைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது.

என் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் இருந்தவர். 'ஹரிதாஸ்' வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. பாகவதர் கிராப்போடு அவர் நிற்கும் புகைப்படம் ஒன்று இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கிராமபோனும் பாகவதர் இசைத்தட்டுகளும் அவருடைய செல்வங்கள். ஊர்ப்புறங்களில் நடக்கும் தெருக்கூத்தை அக்காலத்தில் அவர் மதித்ததில்லை. "கத்தல்" என்ற ஒரே சொல்லால் அதை ஒதுக்கிவிடுவாராம்.

1970களில் எங்கள் பகுதியின் தொழில் மாறியது. அதுவரையில் பாதி பதப்படுத்திய தோலே மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. அதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தபின், முழுமையாக முடித்த தோலையும் காலணிகளையும் செய்வதற்கான பொறிகள் வந்தன. தந்தையார் தோல் சீவும் பொறியில் நின்றார். நாள் முழுதும் அதன் இரைச்சல். அக்காலத்தில் காதுக்குக் காப்பு என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய கிராமபோன் மெல்ல மெல்ல ஓய்ந்தது. மாறாக, ஊரில் மீலாது விழா நடந்தால் நாகூர் அனிபாவின் பாடலைக் கேட்கச் செல்வார். கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்தால், மிதிவண்டியில் ஐந்து கல், ஆறு கல் தொலைவு சென்று, விடியுமட்டும் இருந்து வருவார். நான் அப்போது கல்லூரி மாணவன். 'அன்னக்கிளி' 1976இல் வந்தது முதல் இளையராஜாவின் பாடல்களே எனக்கு உலகம். ஒருநாள் கூத்து முடிந்து விடியற்காலையில் வீடு வந்தவரை நான் ஏளனமாகக் கேட்டேன்:

"என்ன நைனா, பாகவதரை அடியோடு மறந்தாயிற்றா?"

அவர் மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மறக்கவில்லையப்பா, கேட்கவில்லை" என்றார்.

கேட்பதை விட்டுவிட்டார் என்றே நான் பொருள் கொண்டேன். அச்சொல்லின் உண்மைப் பொருள் 1983இல்தான் எனக்கு விளங்கியது. பேசுவது புரியாமல் அவர் அடிக்கடி தடுமாறவே, வேலூரில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஓசையடைத்த சிறிய அறையில் அவரை அமர்த்திக் காதுகளில் கருவியை மாட்டினர். ஒலி கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்த வேண்டும். தாழ்ந்த ஒலிகளுக்கு அவர் கை உயர்ந்தது. ஒலி உயர உயர, கை மடியிலேயே இருந்தது. கண்ணாடிக்கு இப்பால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதன் அறிவியலை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இளஞ்செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. உட்செவியில் நத்தைக் கூடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள் மயிர்போன்ற நுண்ணிழைகளையுடைய உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. வாயிலருகே உள்ளவை உயர்ந்த ஒலிகளையும், உட்கோடியில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் உணர்கின்றன. முதுமையில் வாயிலருகே உள்ளவையே முதலில் அழிகின்றன. ஓயாத இரைச்சலோ பெரும்பாலும் 4,000 அதிர்வை ஒட்டிய பகுதியை முதலில் தாக்குகிறது. மனிதருக்கு இவ்வணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. பேச்சில் உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. சகரம் போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. ஆகவே இத்தகைய செவி உடையவருக்குக் குரல் கேட்கும்; சொல் தெளியாது.

இப்போது பழைய இசைத்தட்டை எண்ணிப் பாருங்கள். அதன் முள் தேய்க்கும் சரசரப்பின் நடுவே பாகவதரின் நுண்ணிய பிருகாக்கள் தந்தையாருக்குக் கலங்கிய நீரில் விழுந்த ஊசிபோல் ஆகிவிட்டன. அனிபாவின் வெண்கலக் குரலும், கூத்தின் மிருதங்கமும், நெஞ்சு முழுவதும் திறந்து பாடும் கர்ணனின் பாட்டும் அவரை எட்டின. எட்டிய இசையிடம் அவர் சென்றார். செவியின் குறையே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தொழிலில் உழன்ற மனத்திற்குக் கர்ணனின் துயரம் நெருக்கமாயிருந்திருக்கலாம். ஆயினும், நிலையற்றவர் என்று நான் நகைத்தவர் உண்மையில் ஓர் இழப்பை வாய்திறவாமல் சுமந்துகொண்டிருந்தார்.

அப்படியானால் இளமைச் சுவை அழிந்துவிடுகிறதா? இல்லை. அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் இருவர் 1989இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 1932 முதல் 1986 வரை புகழ்பெற்ற பாடல்களைப் பல வயதினருக்கும் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டனர். தமக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயதாயிருந்தபோது வழங்கிய பாடல்களையே மக்கள் மிகுதியும் விரும்பினர். முதற்காதல் போகவில்லை, அதன்மேல் புதிய பழக்கம் படிகிறது.

ஆண்டி பென்னட் என்னும் சமூகவியல் அறிஞர் இங்கிலாந்தின் கிழக்குக் கென்ட் பகுதியில் மூத்த பங்க் ரசிகர்களிடம் உரையாடி, 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் பலர் முடியையும் உடையையும் விட்டுவிட்டனர், பற்றை விடவில்லை. அது வெளித்தோற்றத்திலிருந்து உள்ளத்திற்குள் சென்றுவிட்டது. இசையரங்கில் முன்வரிசையில் குதிப்பதை நிறுத்திப் பின்னே நின்றனர். இளையோருக்கு வழிகாட்டும் மூத்தோராயினர். இதைப் படித்தபோது எனக்குக் கூத்துக் களத்தில் தந்தையார் அமரும் இடம் நினைவுக்கு வந்தது. அவரும் பின்வரிசையில்தான் அமர்வார். ஆர்மோனியம் எழுந்தவுடன் பக்கத்திலிருக்கும் பையன்களிடம், "இது முகாரி, கவனித்துக் கேள்" என்பார். இராகத்தை இனங்காணும் அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்பித்தது எது? பாகவதரின் தட்டுகளே. கிராப்புப் போயிற்று; தட்டும் ஓய்ந்தது; கற்ற காது கூத்துக் களத்தில் அமர்ந்திருந்தது.

இதில் கலைகளுக்கும் ஒரு நன்மை உண்டு. ஒரு கலையை விட்டு ரசிகர் போவது அதற்கு இழப்பே. ஆனால் வேறு இசையில் பழகிய காதுகள் வந்து சேர்வது ஊதியம். நம் பகுதிக்கு அண்மையிலுள்ள புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வளர்த்த கூத்து, ந. முத்துசாமியின் 'கூத்துப்பட்டறை' வழியாகச் சென்னையின் நவீன நாடக ரசிகர்களையும் அடைந்தது. கூத்தைக் கேட்டே வளராதவர்கள் அதை நாடி வந்தமையால் அக்கலைக்குப் புது மதிப்பு உண்டாயிற்று.

மாணவர்களே, உங்களிடம் நான் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். இன்று நீங்கள் காதில் பொருத்திக்கொள்ளும் சிறிய கருவிகள், தோலாலைப் பொறியைப் போலவே அந்த நுண்ணிய அணுக்களை அழிக்கவல்லவை. ஒலியளவைக் குறைத்துக் கேளுங்கள். இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுங்கள். இது முதல் வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் தம் பழைய பாட்டை விட்டு வேறொன்றைக் கேட்கத் தொடங்கினால், நகைக்காமல் காரணத்தைக் கேளுங்கள். அவருடைய செவியைச் சோதிக்கவும் அழைத்துச் செல்லுங்கள். இது இரண்டாவது.

நான் ஐந்து ஆண்டுகள் தாமதமாக அழைத்துச் சென்றேன். அன்று மருத்துவர் காதுக்கருவியைப் பொருத்தியபின், வீடு திரும்பிய தந்தையார் நெடுநாளாகத் தொடாத கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். ஒரு தட்டை முழுவதும் கேட்டார். பழைய தெளிவு வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனினும் தட்டைத் துடைத்து உறையில் இட்டு, "இவ்வளவு போதும்" என்றார். அன்று இரவும் கூத்துக்குப் புறப்பட்டார். அம்முறை நானும் உடன் சென்றேன்.